ரிலீஸ் கேட்டு வந்தவர்கள்

கம்பெனியின் அட்மின் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு ஆட்களை முகத்தைவிட இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி முடியும் தேதியால்தான் நன்றாகத் தெரியும். சவூதி அரேபியாவின் ஜுபைல் தொழில் நகரில், பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலையாட்களை அனுப்பும் ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் டைம்கீப்பராகச் சேர்ந்தேன். யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், எவ்வளவு ஓவர்டைம் என்று குறித்துக்கொண்டிருந்தவனை, கொஞ்சம் அரபி பேச வருகிறது என்பதற்காக இக்காமா, விசா பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர் என்று எல்லோருடைய காகிதமும் என் கையால்தான் போகும், வரும். லீவு கேட்டு வருகிறவர் சிரித்த முகத்தோடு வருவார். ரிலீஸ் கேட்டு வருகிறவர், மேசையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வருவார்.

ஊரில் ஒரு கடையில் வேலை பிடிக்கவில்லை என்றால் மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அங்கே அப்போது அப்படி முடியாது. கையில் இருக்கும் இக்காமா அட்டையில் கஃபீலின் பெயர், அதாவது நம்மை வரவழைத்த முதலாளியின் பெயர் இருக்கும். அவரைத் தவிர வேறு யாரிடம் வேலை பார்த்தாலும் குற்றம். முதலாளியை மாற்ற வேண்டுமென்றால் கஃபாலாவை, அதாவது கஃபீலின் அந்தப் பொறுப்பை, மாற்ற வேண்டும். அதை எல்லோரும் 'நகல் கஃபாலா' என்றுதான் சொல்வோம். அதற்குப் பழைய முதலாளி 'எனக்கு ஆட்சேபம் இல்லை, விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதித் தர வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் தனாஸுல். நம் ஆட்களின் பேச்சில் ரிலீஸ்.

கம்பெனியின் தலைப்புத் தாளில் நான்கு வரி, முதீர் என்கிற மேலாளரின் கையெழுத்து, கம்பெனி முத்திரை, அதற்கு மேல் வர்த்தக சபையின் முத்திரை. டைப் செய்ய ஐந்து நிமிடம் கூட ஆகாது. அந்த நான்கு வரிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதீரிடம் மனு போகும், 'புக்ரா' என்பார். நாளை என்று பொருள். அந்த நாளை எந்த நாளும் இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், கொண்டுபோய்க் கொடுத்த எனக்கும் தெரியும்.

கம்பெனிகள் கொடுமைக்காரர்கள், அதனால் விடவில்லை என்று ஊரில் பேசுவார்கள். உள்ளே இருந்து பார்த்தவனுக்கு அது பாதி உண்மைதான். ஓர் ஆளைக் கொண்டுவர விசா வாங்க வேண்டும், அதற்கு அரசாங்கம் இத்தனை விசாதான் தரும் என்று கணக்கு உண்டு. டிக்கெட், மெடிக்கல், இக்காமா என்று கம்பெனி செலவு செய்கிறது. அதற்கும் மேல், ஆலைக்குள் நுழைய கேட் பாஸ், பாதுகாப்புப் பயிற்சி, வெல்டர் என்றால் தேர்வு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசைக்காமல் நிறுத்தி, சுற்றிவந்து வெல்டு வைக்கும் 6ஜி டெஸ்டில் தேறியவனைப் பக்கத்துக் கம்பெனி நூறு ரியால் கூடக் கொடுத்துக் கூப்பிட்டால் யாருக்குத்தான் எரியாது? இதில் வேடிக்கை என்னவென்றால், சுமாராக வேலை பார்க்கிறவனுக்கு ரிலீஸ் சுலபமாகக் கிடைத்தது. கெட்டிக்காரனுக்குத்தான் கிடைக்கவில்லை. நன்றாக வேலை செய்தால் முன்னேறலாம் என்று சொல்லி அனுப்பிய அப்பா அம்மாவுக்கு இது தெரியாது.

பட்டுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் ஒருவர் இருந்தார். கை அவ்வளவு சுத்தம். எக்ஸ்ரேயில் அவர் வைத்த வெல்டு திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. வேறு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "அண்ணே, சூப்பர்வைசர் ஆனா வெயில்ல நிக்க வேண்டாம், கண்ணு போகுதுண்ணே" என்றார். மனுவைக் கொண்டுபோனேன். முதீர் படிக்கவே இல்லை. "அவனா? அவன் போனால் ஷட்டவுன் வேலையை நீ வெல்டு பண்ணுவாயா?" என்று என்னைக் கேட்டார். கடைசியில் அவர் இக்காமாவை முடித்துக்கொண்டு ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போய், வேறு ஏஜெண்ட் மூலம் மறுபடி பணம் கட்டிப் புது விசாவில் வந்தார். இரண்டு கம்பெனிக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அதைக் கடக்க அவர் ஊர் வரை போய்வர வேண்டியிருந்தது. அதுவும் ஒழுங்காக ஃபைனல் எக்ஸிட் வாங்கிப் போனதால் முடிந்தது. லீவு விசாவில் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால் மூன்று ஆண்டு உள்ளே வர முடியாது என்ற தடை அப்போது இருந்தது. 'லீவுல போயி அப்படியே இருந்துக்கலாம், வேற விசாவுல வந்துக்கலாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

ரிலீஸுக்கு விலை வைத்த முதலாளிகளும் உண்டு. பேரம் வெளிப்படையாகவே நடக்கும். குறிப்பாக ஃப்ரீ விசாக்காரர்களிடம். ஃப்ரீ விசா என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதில் இலவசமும் கிடையாது, சுதந்திரமும் கிடையாது. பெயருக்கு ஒரு கஃபீல், அவருக்கு மாதமோ வருஷமோ ஒரு தொகை, வேலையை எங்கே வேண்டுமானாலும் நீயே தேடிக்கொள். சட்டத்தில் இப்படி ஒரு விசாவே இல்லை. தம்மாமில் சீகோ பில்டிங் பக்கம் வெள்ளிக்கிழமை மாலையில் போய் நின்றால், ஃப்ரீ விசா ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்று வேலை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பிளம்பர், பெயிண்டர், ஏசி மெக்கானிக். பலருடைய இக்காமாவில் தொழில் 'ஆடு மேய்ப்பவர்' என்றோ 'வீட்டு டிரைவர்' என்றோ இருக்கும். அவர்களை எங்கள் கம்பெனிக்கு எடுக்க வேண்டுமென்றால் கஃபாலாவோடு தொழிலையும் மாற்ற வேண்டும். இரண்டு அலுவலகம், இரண்டு வரிசை.

கேட்டுக் கிடைக்காமல் கோபத்தில் வெளியேறியவர்கள் மேல் கம்பெனி வீசும் ஆயுதம் ஹுரூப். 'என் தொழிலாளி ஓடிப்போய்விட்டான்' என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், அப்போதெல்லாம் அந்த நிமிடத்திலிருந்து அந்த ஆள் சட்டத்துக்கு வெளியே. இக்காமா புதுப்பிக்க முடியாது, வேறு கம்பெனிக்கு மாற முடியாது, பிடிபட்டால் தர்ஹீல் என்ற நாடுகடத்தல் மையத்தில் இருந்து நேராக விமானம். உண்மையிலேயே ஓடிப்போனவர்களும் உண்டு. ஆனால் கேம்ப்பிலேயே படுத்திருந்தவன் மேல், லேபர் கோர்ட்டில் சம்பளப் பாக்கி கேட்டான் என்பதற்காக ஹுரூப் போட்ட கதைகளும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போடப்பட்டதை நீக்க, தான் ஓடவில்லை என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு மாத வருகைப் பதிவின் ஒரு நகல் இருந்தால் உதவும். அதனால் ஆட்களிடம் டைம்ஷீட்டை மாதாமாதம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதீருக்குத் தெரிந்தால் என் இக்காமாவுக்கே ஆபத்து. அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டு முதலில் தளர்ந்தது தொழிலாளியின் மேல் இரக்கப்பட்டு அல்ல. 2011-இல் நிதாகத் வந்தது. எந்தக் கம்பெனியில் எத்தனை சவூதிக்காரர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என்று வகை பிரித்தார்கள். சவூதி இளைஞர்களுக்கு வேலை வேண்டும், அதுதான் நோக்கம். சிவப்புக் கம்பெனிக்குத் தண்டனையாக, அதன் வெளிநாட்டு ஆட்கள் கஃபீலின் சம்மதம் இல்லாமலேயே பச்சைக் கம்பெனிக்குப் போகலாம் என்றார்கள். அதுவரை எங்கள் கம்பெனி பெரியதா, சம்பளம் ஒழுங்கா என்று விசாரித்த ஆட்கள், அதன்பிறகு "நம்ம கம்பெனி என்ன கலர்ண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தன் கம்பெனி சிவப்பாகட்டும் என்று வேண்டிக்கொண்ட தொழிலாளிகளை உலகத்தில் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

2013 வந்தது. அந்த ஆண்டை வளைகுடாவில் இருந்த யாரும் மறக்க முடியாது. ஒரு முதலாளியின் இக்காமாவில் இருந்துகொண்டு இன்னொருவரிடம் வேலை பார்ப்பதைத் தடுக்கும் தொழிலாளர் சட்டத்தின் 39-ஆம் பிரிவைக் கடுமையாக்கினார்கள். சோதனைகள் ஆரம்பித்தன. கடைகள் மூடிக் கிடந்தன, கட்டட வேலைகள் நின்றன. பிறகு மன்னர் அப்துல்லா அவகாசம் கொடுத்தார். காகிதம் சரியில்லாதவர்கள் அபராதம் இல்லாமல் சரிசெய்து கொள்ளலாம், கஃபாலா மாறலாம், தொழில் மாற்றலாம், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போகலாம். முதல் கெடு ஜூலை 3. பிறகு ஹிஜ்ரி ஆண்டின் முடிவு வரை, நவம்பர் தொடக்கம் வரை நீட்டினார்கள்.

அந்த மாதங்களில் நான் மேசையில் உட்கார்ந்த ஞாபகமே இல்லை. ஜவாசாத் என்ற பாஸ்போர்ட் அலுவலகம், மக்தப் அமல் என்ற தொழிலாளர் அலுவலகம், வர்த்தக சபை என்று ஓட்டம்தான். எங்கள் கம்பெனி பச்சையில் இருந்ததால் ஆள் எடுக்க முடிந்தது. ஜூன், ஜூலை வெயிலில், அலுவலகத்துக்கு வெளியே கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு விடிவதற்கு முன்பிருந்தே வரிசை. ஆண்டுக்கணக்கில் ஹுரூபில் கிடந்தவர்கள், பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், கஃபீல் செத்துப்போய் அவர் மகன்கள் பொறுப்பேற்காமல் விட்டவர்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஊருக்குப் போக நினைத்தவர்களுக்கு நம் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்தது. எங்கள் சவூதி முஅக்கிப், அரசு அலுவலகங்களில் கம்பெனி வேலையை முடித்துத் தருகிறவர், எப்போதும் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்தக் கோடையில் அவரே அதிகாலை சுப்ஹு தொழுதுவிட்டு நேராக ஜவாசாத் வாசலுக்கு வந்துவிடுவார். "இவ்வளவு பேர் இந்த நாட்டில் காகிதமில்லாமல் இருந்தார்களா" என்று என்னிடம் கேட்டார். கெடு முடிந்த மறுநாள், நவம்பர் 4-ஆம் தேதி, நாடு முழுக்கச் சோதனை தொடங்கியது. சீகோ பக்கம் ஈ காக்கை இல்லை.

காசுக் கணக்கு ஒன்றும் இதற்கிடையே ஏறிக்கொண்டே வந்தது. வேலை அனுமதிக்கு ஆண்டுக்கு 100 ரியாலாக இருந்த கட்டணத்தை, சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகம் இருக்கும் கம்பெனிகளுக்கு 2012 இறுதியில் 2400 ஆக்கினார்கள். 2018-இல் தலைக்கு மாதம் 400, அடுத்த ஆண்டு 600, 2020-இல் 800 ரியால். அதாவது ஒரு ஆளை வைத்திருக்கவே ஆண்டுக்கு 9600 ரியால், இக்காமாவின் 650 தனி. காற்று அப்படியே திரும்பியது. ரிலீஸ் தரவே மாட்டேன் என்ற கம்பெனிகள், "வேறு இடம் இருந்தால் பார்த்துக்கொள், ரிலீஸ் தயார்" என்று அவர்களாகவே கூப்பிட்டுச் சொன்னார்கள். பிடித்து வைத்ததும் காசுக்காக, விட்டதும் காசுக்காக. பழைய முதீர் அப்போதும் இருந்தார். அதே 'புக்ரா' இப்போது, "புக்ராவுக்குள் வேறு கம்பெனி பார்த்துக்கொள்" என்று ஆனது.

சரியான திருப்பம் 2021 மார்ச் 14. அதற்கு முந்தைய நவம்பரில் அறிவித்த தொழிலாளர் சீர்திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் சட்டத்துக்குள் வரும் வெளிநாட்டுத் தொழிலாளி, நாட்டுக்குள் வந்து ஓர் ஆண்டு முடித்திருந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாறலாம். ஒப்பந்தம் முடியும் முன்பே போவதென்றால் 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்கான பொறுப்பையும் ஏற்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டாலோ, இக்காமாவோ வேலை அனுமதியோ காலாவதியாகிவிட்டாலோ, வந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தம் பதிவு செய்யாவிட்டாலோ இந்தக் காத்திருப்பும் தேவையில்லை. எல்லாம் கிவா என்ற இணையத்தளம் வழியாக. புதிய கம்பெனி விண்ணப்பிக்கும், தொழிலாளி தன் போனில் சம்மதம் கொடுப்பார், அவ்வளவுதான். லீவு விசாவுக்கும் ஃபைனல் எக்ஸிட்டுக்கும் அப்ஷர் என்ற அரசுத் தளத்தில் தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம் என்றும் ஆனது. ஹுரூபின் கூர்மையையும் 2022-இல் கொஞ்சம் மழுக்கினார்கள். ஆள் வரவில்லை என்று கம்பெனி பதிவு செய்தாலும், வேறு முதலாளிக்கு மாறவோ ஊர் போகவோ 60 நாள் அவகாசம் உண்டு.

நானும் அந்த வழியில்தான் மாறினேன். தம்மாமில் ஒரு சிறிய கம்பெனி, சம்பளம் பரவாயில்லை. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. போனில் ஒரு பொத்தான், சில வாரம் காத்திருப்பு, இக்காமாவில் வேறு பெயர். பழைய முதீர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் அந்தப் பொத்தானை மற்றவர்கள் அழுத்துவதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பழைய காலத்தில் எதிரி கண்ணுக்குத் தெரிந்தார், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். இப்போது சிக்கல் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. ஆட்கள் போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஓர் ஆண்டு ஒப்பந்தம் இரண்டாண்டு ஆனது, அறிவிப்புக் கொடுக்காவிட்டால் தானாகவே புதுப்பிக்கும் என்று ஒரு வரி சேர்ந்தது, இடையில் போனால் இவ்வளவு நஷ்டஈடு என்று இன்னொரு வரி. கிவாவில் ஒப்பந்தம் வந்திருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும். பையன் சாப்பிட்டுக்கொண்டே 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வான். "என்னப்பா அழுத்துன?" என்றால், "தெரியலண்ணே, கம்பெனிலேர்ந்து வந்துச்சு" என்பான்.

அடுத்தது, வேலையை விடும்போது கிடைக்கும் சேவைப் பலன். எந்தத் தேதியில் மாறுகிறோம் என்பது பெரிய பணம். முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது சட்டத்தின் 84-ஆம் பிரிவு. ராஜினாமா செய்தால் இது முழுதாகக் கிடைக்காது என்பது 85-ஆம் பிரிவு. இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்தைத் தாண்டினால் மூன்றில் இரண்டு, பத்தாண்டு ஆனால்தான் முழுதும். மாதம் 1800 ரியால் வாங்கும் ஒருவர் நான்கு வருஷம் பதினோரு மாதத்தில் ராஜினாமா செய்தால் ஏறக்குறைய 1475 ரியால் கிடைக்கும். ஐந்து வருஷம் தாண்டியதும் செய்திருந்தால் 3000. புதுக் கம்பெனி அவசரப்படுத்துகிறது என்று ஒரு மாதத்தில் பாதியைத் தொலைத்தவர்களை நான் கண்டேன். ராஜினாமா செய்யாமல், ஒப்பந்தம் முடியும் நாள் வரை இருந்து, புதுப்பிக்கவில்லை என்று முறையாக அறிவிப்புக் கொடுத்துப் போனால் அதே ஐந்தாண்டுக்கு 4500 ரியால் முழுதாகவே கிடைக்கும். மூன்றும் ஒரே ஆள், ஒரே உழைப்பு. நாட்காட்டி மட்டும்தான் வேறு.

கணக்கு முடிக்கும்போது முஹாலஸா என்று ஓர் அரபிக் காகிதம் நீட்டுவார்கள். 'எனக்கு வர வேண்டிய எல்லாம் வந்துவிட்டது, இனி கம்பெனி மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று அதில் இருக்கும். பணம் வங்கியில் ஏறுவதற்கு முன்பே கையெழுத்து கேட்பது பல கம்பெனிகளின் பழக்கம். நானே அந்தக் காகிதத்தை நீட்டியிருக்கிறேன், என் வேலை அது. படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்குப் படித்துச் சொன்னேன். கேட்டவர்கள் குறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு லேபர் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த் தரப்பு முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான்.

நகல் கஃபாலாவுக்கான அரசுக் கட்டணம் முதல் முறை 2000 ரியால், இரண்டாம் முறை 4000, மூன்றாம் முறையிலிருந்து 6000. அதைப் புதிய முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 40-ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. இக்காமா, வேலை அனுமதி, அவற்றைத் தாமதமாகப் புதுப்பித்தால் வரும் அபராதம் எல்லாமே முதலாளியின் பொறுப்பு. ஆனாலும் ஆளிடம் பாதி வாங்குவதும், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஹெச்.ஆர். மேசையில் குரல் மாறும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்தச் சீர்திருத்தம் தொடாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். வீட்டு டிரைவர்கள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் 2021-இன் விதிக்குள் வரவில்லை. அவர்களுக்குத் தனி விதி, தனித் தளம், ஒரு வீட்டுக்குள் ஒரே ஒரு முதலாளி. பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் இருப்பவனுக்குப் போனில் சார்ஜே இருக்காது, கிவா எங்கே இருக்கும்? நம் மாவட்டங்களிலிருந்து வீட்டு டிரைவர் விசாவில் போகிறவர்கள் இன்றும் நிறைய. சம்பளம் குறைவாக இருந்தாலும் கம்பெனி விசா கிடைத்தால் அதற்கே போங்கள் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு விசாவில் போய்ப் பிறகு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த ஏஜெண்டை நம்பாதீர்கள்.

ஏஜெண்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டியவனால் கெட்ட கம்பெனியை விட்டு மூன்று மாதத்தில் சட்டம் அனுமதித்தாலும் கிளம்ப முடியாது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும், எந்த வேலையையும் விட அவன் கை நடுங்கும். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டுப் பிறகு ஏஜெண்டிடம் போகலாம். விமானம் ஏறும் முன்பே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காலம் எத்தனை ஆண்டு, தானாகப் புதுப்பிக்குமா, இடையில் விட்டால் எவ்வளவு, இந்த மூன்றையும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துக் கேளுங்கள். அங்கே போனபின் கிவா கணக்கை உங்கள் பெயரில், உங்கள் சொந்த எண்ணில் திறந்துகொள்ளுங்கள். அதன் கடவுச்சொல்லைக் கேம்ப் பாஸிடமோ, என்னைப் போன்ற அட்மின் ஆளிடமோகூடக் கொடுக்காதீர்கள்.